அந்தித் துடுப்புப் பயணம்: கதிரவனைப் பார்த்துப் புறப்படுவதா, ஓதத்தைப் பார்த்தா?

ஈரத்துடுப்பு | ஜனவரி 9, காலை 10.15

அலையாத்திக் காட்டுக்குள் வழிகாட்டியோடு கயாக்கில் செல்லும் அந்திப் பயணம் என்பது வெறும் விளம்பரம் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். இரண்டு மணி நேரம் துடுப்பு வலித்தோம். பாதி நேரம் படகைச் சேற்றில் தள்ளினோம். நண்டையும் கொசுவையும் தவிர எதையும் பார்க்கவில்லை. அதே மாலையில் இயந்திரப் படகில் சென்றவர்கள் நீர்நாய்க் கூட்டத்தைப் படம் பிடித்து வந்தார்கள். வழிகாட்டி எதற்கு, துடுப்பு எதற்கு என்று யாராவது விளக்குங்கள்.

கழியோரன் | ஜனவரி 9, இரவு 9.40

படகைச் சேற்றில் தள்ளியதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, விடை அங்கேதான் கிடக்கிறது. உங்களை அழைத்துச் சென்றவர்கள் கதிரவன் மறையும் நேரத்தைப் பார்த்துப் பயணத்தை வைத்திருக்கிறார்கள்; ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏறி வற்றுவதை, பார்க்கவில்லை. வெப்பமண்டலத்தில் கதிரவன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மறைகிறது. ஓதமோ நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பின்தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. தினமும் மாலை ஐந்தரைக்குப் புறப்பாடு என்று பலகை எழுதி வைத்திருக்கும் இடத்தில், மாதத்தில் பல நாட்கள் தண்ணீர் வற்றிய ஓடைக்குள்தான் ஆட்களை இறக்குவார்கள்.

பெரும்பாலான கரைகளில் ஏற்றத்தின் உச்சியிலிருந்து வற்றத்தின் அடிவரை ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகிறது. அந்த ஆறு மணியிலும் நீர் ஒரே சீராக இறங்குவதில்லை. கடலோடிகள் மனக்கணக்காக வைத்திருக்கும் விதி ஒன்று உண்டு: மொத்த இறக்கத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் 1 பங்கு, இரண்டாம் மணியில் 2, மூன்றிலும் நான்கிலும் 3, ஐந்தில் 2, ஆறில் 1. இரண்டு மீட்டர் வேறுபாடுள்ள ஓர் உப்பங்கழியில் முதல் மணியில் 17 சென்டிமீட்டர்தான் இறங்குகிறது. மூன்றாம், நான்காம் மணிகளில் மட்டும் ஒரு மீட்டர் இறங்கிவிடுகிறது. முன்னங்கால் அளவு தண்ணீர் இருந்த ஓடை, நீங்கள் கொக்கைப் பார்த்துக்கொண்டு அரை மணி நின்றதற்குள் வெறும் சேறாக மாறுவது இந்த நடு மணிகளில்தான்.

கயாக் மிதக்க ஒரு சாண் தண்ணீர் போதும் என்று சொல்லித் துணிவார்கள். அந்தச் சாண் கணக்கு மணல் தரைக்குப் பொருந்தும். வெண்கண்டல் மரம் நிற்கும் இடத்தில் மூச்சுவேர்கள் தரையிலிருந்து நேராக மேல்நோக்கி எழுந்து, ஒரு சாணும் அதற்கு மேலுமாக நிற்கின்றன. அவற்றின்மேல் ஏறி உட்கார்ந்த படகை முன்னும் தள்ள முடியாது, பின்னும் இழுக்க முடியாது. இறங்கினால் தொடைவரை புதையும்.

நான் விரும்பும் பயணம் இப்படி: ஏற்றத்தின் கடைசி ஒரு மணியில் நீரோடு உள்ளே செல்வது, உச்சியில் நீர் அசையாமல் நிற்கும் சிறிது நேரம் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பது, வற்றம் தொடங்கியதும் அதனோடு வெளியே வருவது. அந்த உச்சி அந்தியோடு ஒன்றிவரும் நாட்கள் மாதத்தில் சிலவே. அந்த நாட்களைத் தேர்ந்து சொல்பவர்தான் வழிகாட்டி. மற்றவர் படகு வாடகைக்கு விடுபவர்.

கழியோரன் | ஜனவரி 10, காலை 6.55

மேலே எழுதியதற்கு ஒரு வரம்பு. எல்லாக் கரைகளிலும் ஓத வேறுபாடு ஒன்றல்ல. பிச்சாவரம் போன்ற சோழமண்டலக் கரைக் காடுகளில் அது ஒரு மீட்டருக்கும் குறைவு. அங்கே ஓதத்தைத் தவறவிட்டாலும் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். சுந்தரவனத்தில் அது பல மீட்டர். இரண்டுக்கும் ஒரே அறிவுரை சொல்பவரை நம்ப வேண்டாம், என்னையும் சேர்த்து.

கழியோரன் | ஜனவரி 12, மாலை 4.20

மின்மினி பார்க்க வேண்டும், ஆகவே அமாவாசையைத் தவிர வேறு நாளில் போவதில் பொருளில்லை என்று ஒருவர் தனிமடலில் உறுதியாக எழுதியிருக்கிறார். இருட்டு வேண்டும் என்பது சரி. இருட்டு அமாவாசையன்று மட்டும்தான் கிடைக்கும் என்பது சரியல்ல.

முதலில் ஓதத்தை எடுத்துக்கொள்வோம். அமாவாசை, பௌர்ணமி இரண்டையும் ஒட்டி ஓதம் பெரிதாகவும், அட்டமியை ஒட்டிச் சிறிதாகவும் இருக்கும் என்பது கரையில் வாழ்வோர் அனைவருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது அடுத்த பாதி: நாளுக்கு இருமுறை ஏறி வற்றும் கரைகளில், ஓர் இடத்தில் அமாவாசையன்று உச்ச ஏற்றம் எத்தனை மணிக்கு வருகிறதோ, ஏறக்குறைய அதே மணிக்குத்தான் அடுத்த பௌர்ணமியன்றும் அதற்கடுத்த அமாவாசையன்றும் வரும். அது அந்த இடத்தின் குணம். அமாவாசை அந்தியில் ஒரு கழி நிறைந்திருந்தால் எந்த அமாவாசை அந்தியிலும் கிட்டத்தட்ட நிறைந்தே இருக்கும். வற்றியிருந்தால் எப்போதும் வற்றியே இருக்கும். ஏழு நாளில் ஐம்பது ஐம்பது நிமிடமாகத் தள்ளி ஆறு மணி நேரம் நகர்ந்துவிடுவதால், அட்டமி அந்தியில் நிலைமை நேர்மாறு.

இனி நிலவு. பௌர்ணமியன்று அது கதிரவன் மறையும்போதே எழுகிறது. அதன்பின் நாளுக்கு நாள் தாமதமாக எழுகிறது. பௌர்ணமி கழிந்த நான்காம் நாளில் அந்திக்குப் பிறகு ஏறக்குறைய மூன்று மணி நேரம் நல்ல இருட்டு கிடைக்கும். தேய்பிறை அட்டமியில் நள்ளிரவை ஒட்டித்தான் நிலவு வரும். வளர்பிறை அட்டமியில் மட்டும் கதிரவன் மறையும்போதே அது தலைக்கு மேல் நிற்கும். அந்த நாளை விட்டுவிடுங்கள்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அமாவாசை அந்தியில் வற்றிக் கிடக்கும் கழியில், தேய்பிறை அட்டமி அந்தியில் தண்ணீரும் இருக்கும், இருட்டும் இருக்கும், போதாக்குறைக்கு நீரோட்டமும் மெதுவாக இருக்கும். அட்டமி ஏற்றம் சிறியது என்பதால் ஆக உள்ளே இருக்கும் குறுகிய ஓடைகளுக்கு நீர் எட்டாமல் போகலாம். அந்த இழப்பை நான் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன். அட்டமியில் புதிய காரியம் தொடங்கக் கூடாது என்று சொல்பவர்கள் கயாக்கில் ஏறியதில்லை போலும்.

நாளுக்கு ஒரே ஒரு ஏற்றம் மட்டும் காணும் கரைகளும் உண்டு, எடுத்துக்காட்டாக வியட்நாமின் வடகரை. மேலே உள்ள கணக்கு அங்கே செல்லாது.

கழியோரன் | ஜனவரி 12, இரவு 11.05

ஓத அட்டவணை துறைமுகத்துக்குரியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கழியின் உட்பகுதிக்கு உச்சம் தாமதமாகத்தான் வந்து சேரும். எவ்வளவு தாமதம் என்பது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அந்த ஓடையில் தினமும் போய்வருபவருக்குத்தான் தெரியும்.

கழியோரன் | ஜனவரி 17, இரவு 8.30

துடுப்பு எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன்.

நான் அறிந்த மிகச் சிறந்த வழிகாட்டி அதிகம் பேசாதவர். புறப்படும் முன்பு கரையிலேயே சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிடுவார். ஓடைக்குள் நுழைந்தபின் கையசைவு மட்டும்தான். அவருடைய துடுப்பு ஒற்றை அலகு உடையது. எங்கள் இரட்டை அலகுத் துடுப்புகள் ஒவ்வொரு வலிப்புக்கும் ஒருமுறை காற்றில் எழுந்து சொட்டு சொட்டாக நீரை உதிர்க்க, அவர் மட்டும் துடுப்பை நீரைவிட்டு எடுக்காமலே, அலகைக் கத்தியின் விளிம்புபோல் திருப்பி, நீருக்குள்ளாகவே முன்னால் கொண்டுவந்து மறுபடி வலிப்பார். சொட்டும் இல்லை, தெறிப்பும் இல்லை. நாற்பது முழத்துக்கு முன்னால் பறந்துபோயிருக்க வேண்டிய மீன்கொத்தி, அவர் படகு தன் கிளைக்கு அடியில் கடக்கும்வரை அசையாமல் இருந்தது. பின்னால் வந்த என்னைக் கண்டதும் பறந்தது.

அவர் எங்களை நிறுத்திய இடங்கள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுமில்லாத இடங்கள். ஓரிடத்தில் குனிந்து காதைப் படகின் தரையோடு வைக்கச் சொன்னார். அடியிலிருந்து காய்ந்த சருகு தீப்பிடித்து எரிவதுபோல் இடைவிடாத வெடிப்பொலி வந்தது. ஒரு பக்கக் கொடுக்கு பெரிதாக உள்ள சிறு இறால்கள் அவை. கொடுக்கை மூடும் வேகத்தில் நீர் பீறிட்டு ஒரு குமிழி தோன்றி உடனே சிதைகிறது. ஒலி அந்தக் குமிழி சிதைவதால் எழுவதே தவிரக் கொடுக்கின் இரு பாதிகளும் மோதுவதால் அல்ல என்று 2000-ஆம் ஆண்டில் அதிவேகப் படப்பிடிப்பின் மூலம் காட்டினார்கள். இயந்திரப் படகில் போகிறவர்கள் இதைக் கேட்கவே முடியாது.

அந்தியில் நடப்பது ஓர் ஆள்மாற்றம். வெள்ளைக் கொக்குகள் கூட்டம் கூட்டமாக அடைய வருகின்றன. அதே மரத்திலிருந்து இராக்கொக்கான வக்கா ஒன்றொன்றாக இரைதேடக் கிளம்புகிறது. மீன்கொத்தி ஓய்கிறது, பழந்தின்னி வௌவால் கிளம்புகிறது. கிண்ணம்போன்ற புல்லிவட்டத்துக்குள் நூற்றுக்கணக்கான மகரந்தத் தாள்களை ஒரு தூரிகை அளவுக்கு விரித்துக்கொண்டு சொனரேஷியா என்ற அலையாத்தி மரத்தின் பூக்கள் அப்போதுதான் திறக்கின்றன. தேனுண்ணும் வௌவால்களுக்காகத் திறக்கும் பூ அது, ஒரே இரவுதான். காலையில் அந்தத் தாள்கள் எல்லாம் நீரில் மிதப்பதைப் பார்க்கலாம். பூமத்திய ரேகையை ஒட்டிய இடங்களில் கதிரவன் மறைந்தபின் நல்ல வெளிச்சம் சுமார் 21 நிமிடம்தான் இருக்கும், மரங்களுக்கு அடியில் அதைவிடக் குறைவு. இந்த மாற்றம் முழுவதும் அதற்குள் நடந்து முடிகிறது. அந்த நேரத்தில் துடுப்பு வலித்துக்கொண்டிருப்பவர் அதைத் தவறவிடுகிறார். உங்கள் இரண்டு மணி நேரப் பயணத்தில் அந்தப் பொழுது எங்கே கழிந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

ஈரத்துடுப்பு | ஜனவரி 17, இரவு 10.50

சேற்றில் கழிந்தது.

கழியோரன் | ஜனவரி 18, காலை 7.10

கிளையைப் பிடித்து நிற்கலாமா என்ற கேள்விக்குத் தனியாகப் பதில். கூடாது. தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் தற்காலிகப் பார்வையிழப்பும் வரும். கையில் பட்டதை மறந்து கண்ணைக் கசக்கினாலும் அதேதான். வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பிகளின் விளிம்பு உள்ளங்கையைக் கிழிக்கும். காற்றடைத்த படகையும் கிழிக்கும். தென்கிழக்கு ஆசியக் காடுகளில் கறுப்பு உடலில் மஞ்சள் வளையங்கள் கொண்ட பூனைக்கண் பாம்பு நீருக்கு மேல் நீண்ட கிளைகளில் சுருண்டு பகலைக் கழிக்கும், அந்தியில்தான் விழிக்கும். அதன் நஞ்சு மிதமானது என்று ஆறுதல் சொல்வார்கள். படகில் ஒரே நேரத்தில் இருவர் எழுந்து நிற்பதற்கு மிதமான நஞ்சே போதும்.

இவையெல்லாம் சிறியவை. உண்மையான ஆபத்து நீரோட்டமும் முட்டுவேர்களும் சேருமிடம். காட்டுக்குள் பரவி நின்ற நீர் முழுவதும் குறுகிய ஓடை வழியாகத் திரும்பி வடிவதால், இத்தகைய ஓடைகள் பலவற்றில் வற்றத்தின் இழுப்பு ஏற்றத்தின் தள்ளலைவிட வலுவாக இருக்கிறது. வளைவில் கயாக் குறுக்காகத் திரும்பி, பக்கவாட்டில் வேர்க்கூட்டத்தின்மேல் அழுத்தப்படும். அப்போது உடல் தானாகவே வேரைவிட்டு விலகி, நீர் வரும் பக்கம் சாயும். அப்படிச் சாய்ந்தால் அந்தப் பக்க விளிம்பு தாழ்ந்து, நீர் ஏறி, படகு கவிழ்ந்து வேருக்கு அடியில் இழுக்கப்படும். வேரின் பக்கமே சாய வேண்டும். கட்டிப்பிடிப்பதுபோல் சாய வேண்டும். பிறகு மெல்ல மெல்லப் படகை நகர்த்தி விடுவிக்கலாம். மேலே கிளையைப் பிடிக்க வேண்டாம் என்று சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு.

ஒருமுறை என் முன்னால் சென்ற படகுக்கு இது நேர்ந்தது. வழிகாட்டி கத்தவில்லை. வேர்களுக்கு நீர் கீழே வடியும் பக்கம் தன் படகைக் கொண்டுபோய் நிறுத்தி, "மரத்தைப் பாருங்கள், மரத்தின்மேல் சாயுங்கள்" என்று இரண்டே தொடர் சொன்னார். புறப்படும் முன்பு கரையில் இதை எங்களுக்குச் செய்துகாட்டியிருந்தார். அந்தச் செய்துகாட்டலின்போது சிரித்துக்கொண்டிருந்தவர்தான் அந்தப் படகில் இருந்தவர்.

கழியோரன் | ஜனவரி 25, இரவு 9.15

மின்மினிகள் ஒத்திசைந்து மின்னுவது கண்மயக்கமா என்று கேட்கப்பட்டிருக்கிறது. இந்தச் சந்தேகத்துக்கு நூறாண்டுக்கு மேல் வயது.

சயாம், அதாவது இன்றைய தாய்லாந்தின், ஆற்றங்கரை மரங்களில் மின்மினிகள் ஒரே நேரத்தில் ஒளிர்ந்து ஒரே நேரத்தில் அணைவதை 1690-இல் அங்கே சென்ற ஜெர்மானிய மருத்துவர் எங்கெல்பெர்ட் கெம்ப்ஃபர் எழுதி வைத்தார். பிற்காலத்தில் மேலைநாட்டு அறிஞர்கள் பலர் அதை நம்பவில்லை. ஃபிலிப் லாரென்ட் என்பவர் 1917-இல் சயின்ஸ் இதழில், தாம் கண்டது மின்மினிகளின் ஒத்திசைவு அல்ல, தம் இமைகள் துடித்ததன் விளைவே என்று எழுதினார். ஒரு மரம் முழுவதும் மின்னுவதைவிடத் தன் இமை அவ்வளவு ஒழுங்காகத் துடிப்பது அவருக்கு நம்பக்கூடியதாக இருந்திருக்கிறது. 1960-களில் ஜான் பக், எலிசபெத் பக் தம்பதியர் தாய்லாந்துக்குச் சென்று மின்மினிகளைப் பிடித்துவந்து, பாங்காக்கில் தங்கியிருந்த விடுதி அறையில் விளக்கை அணைத்துவிட்டுத் திறந்துவிட்டார்கள். முதலில் இரண்டு இரண்டாக, பிறகு மூன்று மூன்றாகச் சுவரில் அமர்ந்தவை ஒன்றையொன்று பார்த்து ஒத்திசையத் தொடங்கின. அவர்களுடைய விளக்கம் 1968-இல் அதே சயின்ஸ் இதழில் வந்தது. தலைமை தாங்கும் மின்மினி என்று ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றும் மற்றவற்றின் ஒளியைக் கண்டு தன் தாளத்தைச் சற்றே முன்பின் தள்ளிக்கொள்கிறது.

மலேசியாவில் கோலா சிலாங்கூருக்கு அருகில், கம்போங் குவாந்தானில் இவற்றைத் துடுப்பு வலிக்கும் சிறு மரப்படகில் அழைத்துச்சென்று காட்டுகிறார்கள். டெரொப்டிக்ஸ் டெனர் என்ற அந்த இனம் அங்கே சொனரேஷியா மரங்களில்தான் கூடுகிறது. முன்பு வௌவாலுக்குச் சொன்ன அதே மரவகை.

கழியோரன் | ஜனவரி 26, காலை 8.00

தொடர்ச்சி. ஒளிரும் மரத்தை வேலி போட்டுக் காத்தால் மின்மினி பிழைத்துவிடும் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. மரம் அவை கூடும் மேடைதான். அவற்றின் புழுக்கள் வளர்வது கரைக்குப் பின்னால், ஈரமான நிலத்தின் இலைக்குப்பையில். தின்பது அங்கே வாழும் சிறு நத்தைகளை. பின்னிலத்தை அழித்து எண்ணெய்ப்பனை நட்டுவிட்டு, ஆற்றோரத்தில் ஒற்றை வரிசை மரத்தை மட்டும் சுற்றுலாவுக்காக விட்டுவைத்தால் சில ஆண்டுகளில் அந்த வரிசை இருண்டுவிடும். படகிலிருந்து பார்ப்பவருக்கு அந்தப் பின்னிலம் தெரிவதே இல்லை. வழிகாட்டியிடம் மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். மரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள்.

கழியோரன் | பிப்ரவரி 2, இரவு 10.25

இரவில் சிவப்பு விளக்கா, வெள்ளை விளக்கா என்ற விவாதம் மற்றவர்களுக்குள் சூடாகிவிட்டதால் சுருக்கமாக.

சிவப்பு நெற்றி விளக்கு நல்லதுதான். இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக அரை மணி நேரம் ஆகிறது. ஒரே ஒரு வெள்ளை ஒளி அதைச் சில நொடிகளில் கலைத்துவிடுகிறது. விழித்திரையில் இருட்டில் பணிபுரியும் உயிரணுக்கள் சிவப்புக்கு ஏறக்குறைய குருடு. ஆனால் பெரிய கழியைக் குறுக்கே கடக்கும்போது சிவப்பை மட்டும் எரியவிட்டுப் போவது ஆபத்து. படகுகளின் இடப்பக்க விளக்கு சிவப்பு. தொலைவிலிருந்து வரும் இயந்திரப் படகுக்காரர் உங்களை வேறொரு படகின் இடப்பக்கம் என்று எண்ணித் திசையை முடிவு செய்வார். 1972-இன் பன்னாட்டுக் கடல்வழி மோதல் தடுப்பு விதிகள், துடுப்புப் படகு முறையான விளக்குகளை ஏற்றாவிட்டால், மோதலைத் தவிர்க்கப் போதிய நேரத்துக்கு முன் காட்டும்படி வெள்ளை ஒளி தரும் கைவிளக்கையாவது ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்கின்றன. ஆகவே ஓடைக்குள் இருட்டு அல்லது மங்கிய சிவப்பு. கழியைக் கடக்கும்போது கைக்கெட்டும் இடத்தில் வெள்ளை டார்ச்.

கைபேசித் திரையைப் பற்றி யாரும் பேசவில்லை. இருட்டைக் கெடுப்பதில் அதற்கு நிகர் எதுவும் இல்லை.

கழியோரன் | பிப்ரவரி 3, காலை 6.30

முதலை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். உவர்நீர் முதலை வாழும் கழிகளில், சுந்தரவனம், ஒடிசாவின் பிதர்கணிகா, ஆஸ்திரேலியாவின் வடகரை போன்ற இடங்களில், கயாக்கில் அந்தியில் இறங்க யார் அழைத்தாலும் நான் போகமாட்டேன். ஆண் முதலை ஆறு மீட்டரையும் தாண்டி வளரும்; கயாக் அதைவிடச் சிறியது. விவாதம் முடிந்தது.

கழியோரன் | பிப்ரவரி 14, மாலை 5.45

இயந்திரப் படகில் போனவர்கள் நீர்நாயைப் பார்த்தார்களே என்ற முதல் கேள்வியின் பாதிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இடையில் யோசித்துப் பார்த்ததில், துடுப்புக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் எனக்கு நிறைவாக இல்லை. துடுப்பு புனிதம், இயந்திரம் பாவம் என்பது அந்தப் பதில்.

போர்னியோவில் நீள்மூக்குக் குரங்குகள் பிற்பகல் கழிந்ததும் ஆற்றோர மரங்களுக்கு வந்து அங்கேயே உறங்குகின்றன. ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் இடையில் நீண்ட தொலைவு. கினபத்தாங்கான் போன்ற அகன்ற ஆற்றில் அந்தத் தொலைவை ஒரு மாலைக்குள் துடுப்பால் கடக்க முடியாது. அங்கே இயந்திரப் படகில்தான் போக வேண்டும். டிரினிடாட்டின் கரோனி சதுப்பில் செவ்வரிவாள் மூக்கன் பறவைகள் அந்தியில் தீவுமரங்களுக்கு அடைய வருவதைக் காணத் தட்டையான பெரிய படகில் பலரை ஏற்றிச்சென்று, தொலைவிலேயே நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அது நல்ல முறை. ஒரு படகு தொலைவில் அசையாமல் நிற்பதைவிட, பத்துக் கயாக்குகள் சத்தமில்லாமல் அடைமரத்துக்கு அடியில் போய்ச் சேர்வது பறவைகளுக்குப் பெரிய தொல்லை. சத்தமில்லாமல் நெருங்கும் எதையும் வேட்டை விலங்காகத்தான் அவை எடுத்துக்கொள்ளும். இருட்டும் வேளையில் ஒருமுறை கலைந்து பறந்த கொக்குக் கூட்டம் மீண்டும் இடம் பிடித்து அமர நெடுநேரம் தடுமாறுவதைப் பார்த்தபின், அடைமரத்துக்கு நேர்கீழே அழைத்துச்செல்வதைப் பெருமையாகச் சொல்லும் வழிகாட்டிகளை நான் தவிர்த்துவிடுகிறேன்.

துடுப்புக்கு உரிய இடம் குறுகிய ஓடை. இருபுறமும் வேர்கள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் இடம். அங்கே இயந்திரப் படகு நுழையவே முடியாது. நீர்நாய் அகன்ற கழியிலும் கிடைக்கும். வேரிலிருந்து வேருக்குத் தாவும் சேற்றுமீனும், இலையின்மேல் அமர்ந்த பூச்சியை வாயிலிருந்து நீரைப் பீய்ச்சி வீழ்த்தும் வில்மீனும், ஏற்றம் ஏற ஏற மரத்தின்மேல் படிப்படியாக ஏறும் நத்தைகளும் ஓடைக்குள்தான் உண்டு. பெரிய விலங்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பவர் இயந்திரப் படகில் போகட்டும். அதில் இழிவு ஒன்றும் இல்லை.

கழியோரன் | பிப்ரவரி 15, காலை 7.20

ஒரு திருத்தம், எனக்கல்ல. வில்மீன் இருட்டிலும் வேட்டையாடும் என்று நேற்று ஒருவர் சேர்த்திருக்கிறார். குறிபார்த்துப் பீய்ச்சும் மீனுக்கு வெளிச்சம் வேண்டும். அதைப் பார்க்க விரும்புபவர் அந்திக்கு ஒரு மணி நேரம் முன்பே ஓடைக்குள் இருக்க வேண்டும்.

ஈரத்துடுப்பு | பிப்ரவரி 27, காலை 11.30

தேய்பிறை அட்டமியை ஒட்டி வேறொரு வழிகாட்டியிடம் பதிந்திருக்கிறேன். கேட்டதும் அவரே ஓத நேரத்தைச் சொல்லி, புறப்பாட்டை நாற்பது நிமிடம் தள்ளி வைத்தார். எந்தப் பைனாகுலரைக் கொண்டுபோகலாம்? கொசு மருந்து பூசலாமா?

கழியோரன் | மார்ச் 1, இரவு 8.50

பைனாகுலரின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். பின்னதை முன்னதால் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 10×25 என்றால் 2.5, 8×42 என்றால் 5.25, 7×50 என்றால் 7-க்கும் சற்றே மேல். அந்தியில் இளைஞரின் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும். வயது ஏற ஏற அது 5-ஐ ஒட்டிக் குறுகிவிடும். சட்டைப்பையில் அடங்கும் சிறிய பைனாகுலர் பகலில் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அந்த 21 நிமிடத்தில் கைவிட்டுவிடும். அசையும் படகில் பத்து மடங்கு பெருக்கம் ஆட்டத்தையும் பத்து மடங்காக்கும் என்பது வேறு. 8×42 போதும். அறுபதைத் தாண்டியவர் 7×50-ஐச் சுமப்பதில் எடையைத் தவிர வேறு பயனில்லை.

கொசு மருந்தில் டீட் என்ற வேதிப்பொருள் இருந்தால் அது பலவகை பிளாஸ்டிக்கை இளக்கும். பைனாகுலரின் பிடியும் கைக்கடிகாரக் கண்ணாடியும் கெடும். கரையிலேயே பூசிக்கொண்டு, உள்ளங்கையை நன்றாகத் துடைத்துவிட்டுத் துடுப்பைத் தொடுங்கள். மின்மினியைக் கையில் பிடித்துப் பார்க்கும் ஆசை இருந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். பூச்சியை விரட்டும் மருந்து பூசிய விரல் அதற்கு நல்லதல்ல. சதுப்பில் கடிப்பவை கொசு மட்டுமல்ல, கண்ணுக்கே தெரியாத அளவுச் சிறு ஈக்களும் உண்டு. அவை சாதாரணக் கொசுவலைக் கண்ணிக்குள் நுழைந்துவிடும். முழுக்கைச் சட்டையும் கணுக்கால் மூடும் உடையும் மருந்தைவிட நம்பகமானவை.

இருவர் அமரும் கயாக்கானால், துடுப்பில் பழகியவர் பின்னால் அமரட்டும். படகைத் திருப்புவது பின்னிருக்கையிலிருந்துதான் எளிது. பைனாகுலர் முன்னிருப்பவரிடம் இருக்கட்டும். இதில் யார் எங்கே என்பதைக் கரையிலேயே பேசி முடித்துவிடுங்கள், ஓடைக்குள் இடம் மாற முடியாது.